‘எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க’: மேலாளர்கள் வேலையை ஒப்படைக்கத் தயங்குவது ஏன்?

நாளை காலை மும்பைக்கு அருகே உள்ள நவசேவா துறைமுகத்துக்கு ஒரு கப்பல் வருகிறது. அதிலுள்ள கன்டெய்னருக்கு பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிச் சரக்கு பற்றிச் சுங்கத்துறைக்குத் தரும் படிவம்) தாக்கல் செய்ய வேண்டும். சுங்க முகவர் (சிஎச்ஏ) தயாரித்த செக்லிஸ்ட், அதாவது அந்தப் படிவத்தின் முன்வரைவு, இன்று காலை 11 மணிக்கே அந்தேரி அலுவலகத்துக்கு மெயிலில் வந்துவிட்டது. இறக்குமதிப் பிரிவில் நான்கு வருடமாக இருக்கும் எக்ஸிகியூட்டிவ் அதை இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் (கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீது) மூன்றோடும் ஒப்பிட்டு, ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் பென்சிலால் டிக் போட்டு வைத்திருக்கிறார். ‘அப்ரூவ்டு’ என்று பதில் போடும் உரிமை மட்டும் அவருக்கு இல்லை. மேலாளர் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் வங்கிக் கூட்டத்தில் இருக்கிறார், போனை எடுக்கவில்லை. இரவு ஒன்பதரைக்கு டோம்பிவிலி ரயிலில் நின்றபடி மெயிலைத் திறந்து ‘ஓகே’ போடுகிறார். அதற்குள் சிஎச்ஏ அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

இந்த ‘ஓகே’ தாமதமானதன் விலையைக் கணக்குப் போட முடியும். கப்பல் வந்து சேரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் பில் ஆஃப் என்ட்ரி தாக்கலாக வேண்டும் என்பது 2021 முதல் சுங்க விதி. தவறினால் முதல் மூன்று நாளைக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதற்குமேல் நாளொன்றுக்கு 10,000 ரூபாய். ஐந்து நாள் தள்ளிப்போனால் 35,000 ரூபாய். கன்டெய்னருக்கான வாடகையும் கிடங்குக் கட்டணமும் தனி.

மும்பையில் தமிழர்கள் மேலாளராக இருக்கும் அலுவலகங்களிலும் மற்ற அலுவலகங்களிலும் இந்தக் காட்சி வேறு வேறு வேடத்தில் நடக்கிறது. ஒரு இடத்தில் வெண்டர் பேமென்ட், இன்னொரு இடத்தில் கொட்டேஷன், இன்னொரு இடத்தில் ஆள் எடுப்பது. ‘டெலிகேட் பண்ணுங்க’ என்று நிர்வாகம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. பயிற்சி வகுப்புக்கும் அனுப்புகிறது. மேலாளர் தலையாட்டிவிட்டு வந்து பழையபடியே எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொள்கிறார். இதை அவருடைய குணக்கோளாறு என்று எடுத்துக்கொண்டால் ஒரு அடிகூட நகர முடியாது. அந்தத் தயக்கத்துக்குப் பின்னால் பெரும்பாலும் நியாயமான ஒரு பயம் இருக்கிறது. அந்தப் பயத்துக்கு யாரும் அளவு குறித்துத் தரவில்லை என்பதுதான் சிக்கல்.

முதலில் ஒரு பிரிவினை

‘வேலையை ஒப்படைப்பது’ என்று பேசும்போது மூன்று தனித்தனிச் சங்கதிகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம்.

1. வேலை: செக்லிஸ்ட்டை ஒப்பிடுவது, தட்டச்சு செய்வது, போன் போடுவது. இதை முழுதாகக் கைமாற்றலாம்.

2. முடிவெடுக்கும் உரிமை: ‘சரி, அனுப்பு’ என்று சொல்லும் அதிகாரம். இதையும் கைமாற்றலாம், ஆனால் ஒரு வரம்புக்குள்.

3. பதில் சொல்லும் கடமை: தவறு நடந்தால் முதலாளியின் அறைக்குப் போய் நிற்பது. இது கைமாறாது. கொடுத்தவரிடமே தங்கும். வாங்கியவருக்கும் அவரளவில் ஒரு பங்கு சேரும்.

சட்டமும் இப்படித்தான் பார்க்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், முறைப்படி துணை முகவரை வைத்துக்கொண்டாலும் அவர் செய்வதற்கெல்லாம் அசல் முகவரே முதலாளிக்குப் பொறுப்பு என்கிறது (பிரிவு 192). 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டத்தின் 179-ஆம் பிரிவு இன்னும் நுணுக்கமானது. கடன் வாங்குவது, பணத்தை முதலீடு செய்வது, கடன் கொடுப்பது ஆகிய அதிகாரங்களை இயக்குநர் குழு கூட்டத்தில் தீர்மானம் போட்டு நிர்வாக இயக்குநருக்கோ குறிப்பிட்ட அதிகாரிகளுக்கோ விட்டுக்கொடுக்கலாம். ஆண்டுக் கணக்குக்கு ஒப்புதல் தருவதை அப்படி விட்டுக்கொடுக்க முடியாது. எது கைமாறும், எது மாறாது, யாருக்கு, எந்தக் காகிதத்தின் பேரில் என்று அங்கே எழுதியே வைத்திருக்கிறார்கள். கம்பெனியின் உச்சியில் இருக்கும் இந்தத் தெளிவு இரண்டு மாடி கீழே வந்தால் காணாமல் போகிறது.

வேலையை மட்டும் கொடுத்துவிட்டு முடிவைக் கொடுக்காமல் இருந்தால், மேலாளரின் சுமை குறைவதற்குப் பதில் கூடுகிறது. முன்பு தானே செய்து முடித்திருப்பார். இப்போது இன்னொருவர் செய்ததைப் படித்து, புரிந்து, கேள்வி கேட்டு, பிறகு முடிக்க வேண்டும். ‘டெலிகேட் பண்ணிப் பார்த்தேன், சரிப்படல’ என்று சொல்லும் பலர் உண்மையில் கொடுத்துப் பார்த்தது இந்த முதல் அடுக்கை மட்டுமே.

தயக்கம் எங்கிருந்து வருகிறது

1. நேரக் கணக்கு. ‘நானே செஞ்சா இருபது நிமிஷம், சொல்லிக் குடுத்தா ரெண்டு மணி நேரம்’ என்பார்கள். அன்றைய நாளுக்கு அது சரியான கணக்குதான். நாளைத் தாண்டிப் பார்த்தால் மாறிவிடும். 20 நிமிட வேலை வாரத்துக்கு மூன்று முறை வருகிறது என்றால் வாரம் ஒரு மணி நேரம். கற்றுக்கொடுக்க மொத்தம் 6 மணி நேரம் ஆகிறது, முதல் எட்டு வாரம் சரிபார்க்க வாரத்துக்கு அரை மணி நேரம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த எட்டு வாரத்தில் வாரம் அரை மணியாக 4 மணி நேரம் மிச்சம். அடுத்த இரண்டு வாரத்தில் இன்னும் 2 மணி. பத்தாவது வாரக் கடைசியில் போட்ட 6 மணி நேரமும் திரும்பிவிடும். அதற்குப் பிறகு கிடைப்பதெல்லாம் லாபம். வருடத்துக்கு ஒருமுறை வரும் வேலைக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அதை நேரம் மிச்சமாகும் என்பதற்காகக் கொடுக்க வேண்டாம்.

2. பதில் சொல்லும் பயம். மூன்றாவது அடுக்கு தன்னிடமே தங்கும் என்பது மேலாளருக்கு நன்றாகத் தெரியும். செய்வது ஒருவர், திட்டு வாங்குவது தான் என்ற நிலையில் யாருக்கும் கை கூசும்.

3. பெயர். நல்ல வேலைக்காரர் என்பதால்தான் அவரை மேலாளர் ஆக்கினார்கள். கணக்கு, தட்டச்சு, சுருக்கெழுத்து என்று பம்பாய்க்கு வந்து மாட்டுங்காவிலும் செம்பூரிலும் குடியேறிய தலைமுறை, ‘இவரிடம் கொடுத்தால் தப்பு வராது’ என்ற ஒரே சொத்தை வைத்துத்தான் இந்த ஊரில் காலூன்றியது. அந்த வழக்கம் வீட்டிலும் அலுவலகத்திலும் அடுத்த தலைமுறைக்கு இறங்கியிருக்கிறது. அது மதிக்க வேண்டிய வழக்கம். அதைக் கேலி செய்து யாரையும் மாற்ற முடியாது.

4. இடம் போய்விடும் என்ற அச்சம். எல்லாம் தெரிந்த ஒரே ஆள் என்பதால்தான் தன்னை வைத்திருக்கிறார்கள் என்று நினைப்பவர், தெரிந்ததைப் பகிர மாட்டார். கையில் இருப்பதைக் கொடுத்தபின் என்ன வேலை செய்வது என்றும் அவருக்குத் தெரியாது. இதற்கு வைத்தியம் மேலே இருப்பவரிடம் இருக்கிறது.

5. ஆள் உண்மையிலேயே தயாராக இல்லை. சில சமயம் இதுவே நிஜமான காரணம். அப்போது தயங்குவதுதான் சரி. எந்தப் பகுதிக்குத் தயாராக இல்லை என்று சொல்லத் தெரிய வேண்டும், அவ்வளவே.

‘ஏன் கொடுக்க மாட்டேங்கறீங்க?’ என்று மேலாளரிடம் கேட்டால் தற்காப்பான பதில்தான் வரும். அதற்குப் பதில் மூன்று கேள்வி கேட்கலாம்: தப்பானால் எவ்வளவு போகும்? தப்பு எப்போது தெரியவரும்? தெரிந்தபின் திருத்த முடியுமா? ரூபாயிலும் நாளிலும் பதில் சொல்ல ஆரம்பித்தவுடன் ஒரே பெரிய பயம் பல சின்னப் பயங்களாக உடையும். அவற்றில் பாதிக்குரிய வேலைகளை அன்றே ஒப்படைத்துவிடலாம்.

பயத்தை அளப்பது: ஒரு செக்லிஸ்ட்டை வைத்து

ஆரம்பத்தில் சொன்ன செக்லிஸ்ட்டையே எடுத்துக்கொள்வோம். இறக்குமதியாளர் தன் வரியைத் தானே மதிப்பிடும் முறை 2011-இல் வந்தது. அதனால் பில் ஆஃப் என்ட்ரியில் இருக்கும் ஒவ்வொரு தகவலுக்கும் இறக்குமதியாளரே பொறுப்பு. ‘சிஎச்ஏ போட்டதுதான் சார்’ என்று தப்பிக்க முடியாது. மேலாளரின் பயத்துக்கு இது நியாயமான காரணம். ஆனால் செக்லிஸ்ட்டில் இருக்கும் எல்லா வரியும் ஒரே அளவு ஆபத்தானவை இல்லை.

ஒப்பிட்டாலே போதும் என்ற வரிகள்: இன்வாய்ஸ் எண், தேதி, தொகை, கரன்சி, பெட்டிகளின் எண்ணிக்கை, எடை, கன்டெய்னர் எண். மூலக் காகிதத்தில் இருப்பது இங்கேயும் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். தவறினால் திருத்தம் கேட்டு விண்ணப்பிக்கலாம். கட்டணமும் அலைச்சலும் இருக்கும், தீராத நஷ்டம் இல்லை. இதற்கு மேலாளர் தேவையே இல்லை.

விதி தெரிந்தால் போதும் என்ற வரிகள்: கப்பல் கூலியும் காப்பீடும். இன்வாய்ஸ் எஃப்ஓபி விலையில் (கப்பலில் ஏற்றும் வரைக்குமான விலை) இருந்தால் இவை இரண்டையும் சேர்த்துத்தான் வரி போடுவார்கள். உண்மைத் தொகைக்குச் சான்று இல்லை என்றால் எஃப்ஓபி மதிப்பில் 20 சதவீதம் கூலியாகவும் 1.125 சதவீதம் காப்பீடாகவும் கணக்கில் ஏறும். 40 லட்சம் ரூபாய் சரக்கில் கூலி மட்டும் 8 லட்சம் ஆகிவிடும். நிஜக் கூலி 2 லட்சமாக இருந்தால், இல்லாத 6 லட்சத்துக்கும் சேர்த்து வரி கட்டுகிறோம். ‘கூலிச் சான்றிதழ் இணைத்திருக்கிறதா’ என்ற ஒரு கேள்வியைக் கேட்கச் சொல்லிக் கொடுத்தால் எக்ஸிகியூட்டிவ் இதைப் பார்த்துக்கொள்வார். பல நேரம் மேலாளரைவிட நன்றாகவே பார்ப்பார், ஏனென்றால் அவர் ரயிலில் நின்றுகொண்டு பார்ப்பதில்லை.

அனுபவம் தேவைப்படும் வரிகள்: எட்டு இலக்க வரிக் குறியீடு, வரிச் சலுகை அறிவிக்கை, நம்மோடு வர்த்தக ஒப்பந்தம் உள்ள நாட்டின் சரக்கு என்று சலுகை கேட்கும் கோரிக்கை. புதிய பொருளுக்குக் குறியீடு தவறானால் வருடங்கள் கழித்து நோட்டீஸ் வரலாம். வேண்டுமென்றே மறைத்ததாகத் தீர்மானித்தால் விடுபட்ட வரிக்குச் சமமான அபராதமும் உண்டு. ஒப்பந்த நாட்டுச் சலுகைக்கு 2020 செப்டம்பர் 21 முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி, சரக்கு அந்த நாட்டில்தான் உருவானது என்பதற்கான விவரங்களை இறக்குமதியாளர் ஐந்து வருடம் கையில் வைத்திருக்க வேண்டும். இது மேலாளரிடமே இருக்கட்டும். ஏற்கெனவே பல முறை வந்து, குறியீடு ஐட்டம் மாஸ்டரில் (கம்பெனியின் பொருள் பட்டியலில்) உறுதியாகப் பதிவாகியிருக்கும் பொருளுக்கு மட்டும் இந்த மூன்றாம் வகையையும் எக்ஸிகியூட்டிவே முடிக்கலாம்.

மேலாளர் ‘செக்லிஸ்ட் அப்ரூவல்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்தது இப்படிப் பிரித்தவுடன் மூன்று சின்னப் பொட்டலம் ஆகிறது. அவரிடம் மிஞ்சுவது ஒன்று. வழக்கமான பொருளையே திரும்பத் திரும்ப வரவழைக்கும் கம்பெனியில் அந்த ஒன்றும் எப்போதாவதுதான் வரும்.

‘எதுக்கும்’ என்ற சொல் செய்வது

தமிழில் வேலை ஒப்படைக்கும் வாக்கியத்தைக் கொஞ்சம் உற்றுக் கேட்க வேண்டும். ‘நீங்க பாத்துக்கோங்க, எதுக்கும் என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.’ முதல் பாதி முழு உரிமையைக் கொடுக்கிறது. ‘எதுக்கும்’ என்ற ஒரு சொல் கொடுத்த அத்தனையையும் திரும்ப வாங்கிக்கொள்கிறது. எப்போது கேட்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று அதில் இல்லை. ஆகவே புத்திசாலியான உதவியாளர் எல்லாவற்றையும் கேட்பார். கேட்டால் திட்டு விழாது, கேட்காமல் தப்பானால் விழும். ஒரு மாதத்தில் மேலாளர் ‘இவங்களுக்கு சொந்த புத்தியே இல்ல’ என்று முடிவு கட்டுகிறார். அந்தப் பழக்கத்தை உண்டாக்கியது அவருடைய ஒரு சொல்.

மும்பை அலுவலகத்தில் இதே வாக்கியம் இந்தியிலும் போகிறது: ‘தேக் லேனா, பூச் லேனா.’ குழப்பம் அதேதான்.

அதற்குப் பதிலாக எந்தப் படியில் நிற்கிறோம் என்று சொல்லிவிடலாம்.

1. ‘விவரம் எடுத்துட்டு வாங்க. முடிவு நான் எடுக்கறேன்.’

2. ‘விவரத்தோட உங்க யோசனையும் கொண்டு வாங்க.’

3. ‘என்ன செய்யப் போறீங்கன்னு மெயில் போடுங்க. நாலு மணிக்குள்ள நான் வேண்டாம்னு சொல்லலைன்னா அனுப்பிடுங்க.’

4. ‘செஞ்சுட்டு சொல்லுங்க.’

5. ‘செய்யுங்க. மாசக் கடைசியில மொத்தமா பாத்துக்கறேன்.’

தயங்கும் மேலாளருக்கு மூன்றாம் படிதான் மருந்து. தடுக்கும் உரிமை அவர் கையிலேயே இருப்பதால் மனம் ஒப்பும். அவர் கூட்டத்தில் மாட்டிக்கொண்டாலும் வேலை நிற்காது. முன்பு அவருடைய மௌனம் வேலையை நிறுத்தியது, இப்போது அதே மௌனம் நடத்திவிடுகிறது. அந்தேரி அலுவலகத்தில் இந்த ஒரு படி இருந்திருந்தால் மாலை நான்கு மணிக்கு ‘அப்ரூவ்டு’ போயிருக்கும். இரண்டு நிபந்தனை உண்டு. கெடு நேரம் மணிக்கணக்கில் குறிப்பாக இருக்க வேண்டும், ‘சாயங்காலத்துக்குள்ள’ என்று இருக்கக் கூடாது. அந்த நேரம் தாண்டியபின் நடந்ததற்கு ‘என்னைக் கேக்காம ஏன் அனுப்பினீங்க?’ என்று ஒருமுறைகூடக் கேட்கக் கூடாது. ஒருமுறை கேட்டால் எல்லோரும் முதல் படிக்கே இறங்கிவிடுவார்கள்.

அரைப் பக்கத் தாள்

வாயால் ஒப்படைத்தது ஒரு வாரத்தில் இரண்டு பேர் நினைவிலும் இரண்டு விதமாக இருக்கும். அரைப் பக்கம் எழுதினால் போதும். மேற்படி வேலைக்கு அது இப்படி இருக்கலாம்:

1. வேலை: கடல்வழி இறக்குமதிச் செக்லிஸ்ட்டைச் சரிபார்த்து சிஎச்ஏவுக்கு ஒப்புதல் அனுப்புவது.

2. முடிந்ததற்கு அடையாளம்: கப்பல் சேரும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே பில் ஆஃப் என்ட்ரி எண் நம் ரிஜிஸ்டரில் ஏறியிருக்க வேண்டும்.

3. உங்கள் முடிவு: எண்கள், கூலி, காப்பீடு, ஐட்டம் மாஸ்டரில் உள்ள பொருளின் குறியீடு.

4. வரம்பு: இன்வாய்ஸ் மதிப்பு 25 லட்சம் ரூபாய் வரை நாலாம் படி. அதற்குமேல் மூன்றாம் படி.

5. நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டியவை: புதிய பொருள், கடந்த முறையைவிட விலை 10 சதவீதத்துக்கு மேல் மாறியிருப்பது, வரிச் சலுகைக் கோரிக்கை.

6. நான் பார்க்கும் நேரம்: வெள்ளிக்கிழமை 4 மணி, 20 நிமிடம். அந்த வாரம் போனதில் ஏதாவது மூன்றை எடுத்துப் பார்ப்பேன்.

7. நான் கிடைக்காவிட்டால்: அக்கவுன்ட்ஸ் மேலாளரிடம் கேட்கலாம். அவருக்குத் தெரியும்.

நான்காவது, ஐந்தாவது வரிகளில்தான் உயிர் இருக்கிறது. ‘எதுக்கும்’ என்ற சொல் மறைத்து வைத்திருந்ததெல்லாம் அங்கே வெளியே வந்துவிடுகிறது. 25 லட்சம் என்பது உதாரணம்தான். எந்தத் தொகை வரை தவறு நடந்தாலும் அன்று இரவு தூக்கம் வரும் என்று மேலாளரையே கேட்டு நிரப்ப வேண்டும். அவர் 3 லட்சம் என்று சொன்னால் 3 லட்சத்திலேயே ஆரம்பிக்கலாம். ஆரம்பத்தொகை சின்னதாக இருப்பதில் குற்றமில்லை, எழுதாமல் இருப்பதுதான் குற்றம்.

மும்பை அலுவலகங்களுக்கு ஒரு குறிப்பு. குழுவில் மராத்தி, குஜராத்தி, தமிழ், இந்தி பேசுபவர்கள் கலந்திருப்பார்கள். தமிழ் மேலாளர் தமிழ் தெரிந்தவருக்குத் தமிழில் விரிவாகச் சொல்லிவிட்டு, மற்றவருக்கு இந்தியில் இரண்டு வரியில் முடித்தால், இரண்டாமவர் தடுமாறுவது நிச்சயம். ‘அவங்க ஆளுக்கு மட்டும் கத்துக் குடுக்கறாங்க’ என்ற பேச்சும் எழும். மேலாளருக்கு அப்படி ஒரு எண்ணமே இல்லாமலும் இது நடக்கும். தாள் எல்லோருக்கும் தெரிந்த மொழியில், ஒரே வாசகத்தில் இருந்தால் இந்த வம்பு வராது.

கடவுச்சொல்லைக் கொடுப்பது ஒப்படைப்பு ஆகாது

பல அலுவலகங்களில் டிஜிட்டல் கையெழுத்து டாங்கிள் (கம்ப்யூட்டரில் செருகும் சின்னக் கருவி) உதவியாளரின் டிராயரில் கிடக்கும். பின் நம்பர் அதே டிராயரில் மஞ்சள் சீட்டில் ஒட்டியிருக்கும். ஓடிபி வந்தால் மேலாளர் வாட்ஸ்அப்பில் அனுப்புவார். ‘எல்லாத்தையும் குடுத்துட்டேனே’ என்று அவர் நினைக்கிறார். உண்மையில் உரிமை எதையும் கொடுக்கவில்லை, தன் கையெழுத்தைக் கொடுத்திருக்கிறார். எது நடந்தாலும் அவர் செய்ததாகவே பதிவாகும். டிஜிட்டல் கையெழுத்து வைத்திருப்பவர் அதன் ரகசியச் சாவியைத் தன் கட்டுப்பாட்டில் கவனமாக வைத்திருக்க வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் (பிரிவு 42) சொல்கிறது.

சரியான வழி கொஞ்சம் நேரம் எடுக்கும், ஆனால் ஒருமுறை செய்தால் போதும். ஜிஎஸ்டி போர்ட்டலில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களை அங்கீகரிக்கப்பட்ட கையொப்பதாரராகச் சேர்க்கலாம். கம்பெனிகளுக்கான நெட் பேங்கிங்கில் ஒருவர் பதிவிட, இன்னொருவர் அனுமதிக்கும் மேக்கர், செக்கர் முறை இருக்கிறது. தொகைக்குத் தகுந்தபடி அனுமதிப்பவரை மாற்றி அமைக்கவும் பொதுவாக வழி உண்டு. 50,000 ரூபாய் வரை ஒருவர், அதற்குமேல் இருவர் என்று வங்கியிடம் எழுதிக் கொடுத்தால் தாளில் எழுதிய வரம்பை சிஸ்டமே காவல் காக்கும். தயங்கும் மேலாளருக்கு இதைவிட ஆறுதலான செய்தி வேறு இல்லை.

எங்கே கெடுகிறது

வேலை திரும்பி வருவது. ‘சார், இந்த இன்வாய்ஸ்ல கூலி ரெண்டு இடத்துல வேற வேறயா இருக்கு, என்ன செய்யட்டும்?’ என்று உதவியாளர் வந்து நிற்பார். ‘வச்சுட்டுப் போங்க, பாக்கறேன்’ என்று ஒரு நொடியில் வாயில் வந்துவிடும். அந்த நொடியில் வேலை மறுபடி மேலாளருடையது ஆகிறது. உதவியாளர் காத்திருக்க ஆரம்பிக்கிறார். ‘நீங்க எது சரின்னு நினைக்கறீங்க? எந்தக் காகிதத்தைப் பாத்தா தெரியும்?’ என்று கேட்டு, காகிதம் அவர் கையிலேயே இருக்கும்படி பேசி அனுப்ப வேண்டும். முதல் இரண்டு வாரம் இது மேலாளருக்குப் பல்லைக் கடிக்கும் வேலை.

வெளியாட்கள் பழைய வழியிலேயே வருவது. சிஎச்ஏ பத்து வருடப் பழக்கத்தில் நேராக மேலாளருக்குத்தான் போன் போடுவார். அவரும் பதில் சொல்லிவிடுவார். எக்ஸிகியூட்டிவ் நடுவில் பொம்மையாக நிற்பார். ஒப்படைத்த அன்றே சிஎச்ஏ, ஷிப்பிங் லைன், அக்கவுன்ட்ஸ் மூவருக்கும் மெயில் போக வேண்டும்: இன்ன தேதி முதல் செக்லிஸ்ட் ஒப்புதல் இவரிடமிருந்து வரும். பிறகும் போன் வந்தால் ‘மேடம்கிட்ட பேசுங்க’ என்று மட்டும் சொல்ல வேண்டும், பதில் தெரிந்திருந்தாலும்.

முதல் தவறிலேயே பிடுங்கிக்கொள்வது. தவறு நடக்கும். அது மூன்றில் எது என்று பார்க்க வேண்டும். தெரியாமல் நடந்தது என்றால் தாளில் ஒரு வரி குறைகிறது, சேர்க்க வேண்டும். தெரிந்தும் பார்க்காமல் விட்டது என்றால் வெள்ளிக்கிழமைச் சோதனையை மூன்றிலிருந்து பத்தாகக் கூட்டலாம். வரம்பைத் தெரிந்தே மீறியது என்றால் மட்டும் உரிமையை ஒரு படி இறக்க வேண்டும். முதல் வகைத் தவறுக்கு மூன்றாம் வகைத் தண்டனை கொடுப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அதைப் பார்த்த மற்ற யாரும் அதன்பின் உரிமை வாங்க முன்வர மாட்டார்கள்.

மேலே இருப்பவர் செய்ய வேண்டியது

மேலாளரின் தயக்கத்தைப் போக்க நினைக்கும் முதலாளியோ இயக்குநரோ முதலில் தன் கேள்வியைக் கவனிக்க வேண்டும். காரிடாரில் எதிர்ப்பட்டதும் ‘அந்த கன்டெய்னர் என்னாச்சு?’ என்று கேட்டு, அந்த இடத்திலேயே எண்ணும் தேதியும் எதிர்பார்ப்பவரிடம் வேலை செய்யும் மேலாளர், எல்லாவற்றையும் தலையில் சுமந்துதான் ஆக வேண்டும். அவர் ஒப்படைத்தால் அந்தக் கேள்விக்கு விழிக்க நேரிடும். விழித்தால் ‘இவருக்கு ஒண்ணும் தெரியல’ என்ற பெயர் வரும். ‘விசாரிச்சு அரை மணி நேரத்துல சொல்றேன்’ என்பது ஏற்கத் தகுந்த பதில் என்று மேலே இருப்பவர் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். ‘கன்டெய்னரை யார் பாக்கறாங்க, நேரா அவங்ககிட்ட கேக்கறேன்’ என்று சொல்வது இன்னும் நல்லது. இந்த ஒரு மாற்றம் எந்தப் பயிற்சி வகுப்பையும்விட அதிகம் செய்யும்.

இரண்டாவது, விடுபட்ட நேரத்துக்கு வேலையை முன்கூட்டியே பெயர் சொல்லிக் கொடுப்பது: இரண்டாவது சப்ளையரைத் தேடுவது, கூலி ஒப்பந்தத்தைப் புதிதாகப் பேசுவது, ஐட்டம் மாஸ்டரில் சந்தேகமான குறியீடுகளைச் சரிசெய்வது. வெறுங்கையாக நிற்கப் போகிறோம் என்ற பயம் அப்போதுதான் போகும்.

ஒப்படைக்கவே கூடாதவையும் உண்டு. சம்பளப் பேச்சு, ஆண்டு மதிப்பீடு, ஒழுங்கு நடவடிக்கை, ஒருவர் நம்பி வந்து சொன்ன மனக்குறை. இவற்றை உதவியாளரிடம் தள்ளிவிடும் மேலாளர்களும் இருக்கிறார்கள். அதற்குப் பெயர் தப்பித்தல்.

லீவு வைத்துச் சோதிப்பது

வங்கிகளில் முக்கியப் பொறுப்பில் இருப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறை, முன்னறிவிப்பு இல்லாமல், தொடர்ந்து குறைந்தது 10 வேலை நாள் கட்டாய விடுப்பில் போக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2021 ஜூலையில் உத்தரவிட்டது. அந்த நாட்களில் அலுவலக மெயில் தவிர வேறு எந்த அலுவலக சிஸ்டத்தையும் அவர் தொட முடியாது. மோசடி நடந்தால் வெளியே வரவேண்டும் என்பதற்கான ஏற்பாடு இது. வேலை உண்மையிலேயே கைமாறியிருக்கிறதா என்று பார்க்கவும் இதைவிட நல்ல முறை இல்லை.

மற்ற கம்பெனிகள் இதைச் சின்ன அளவில் செய்யலாம். தாள் எழுதிய மூன்றாவது வாரம் மேலாளர் அரை நாள் போனை அணைத்து வைக்கட்டும். ஆறாவது வாரம் ஒரு நாள். பன்னிரண்டாவது வாரம், பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்குப் போவதோடு சேர்த்து, ஐந்து வேலை நாள். அந்த நாட்களில் யாராவது அவசரமென்று கூப்பிட்டே தீர வேண்டியிருந்தால், எதற்காகக் கூப்பிட்டார்கள் என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வைக்க வேண்டும். திரும்பி வந்த அன்று நோட்டையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு போனுக்கும் தாளில் விடுபட்ட ஒரு வரி கிடைக்கும். ‘சப்ளையர் இன்வாய்ஸைத் திருத்தி அனுப்பினால் எதை எடுப்பது?’ ‘கப்பல் ஒரு நாள் முன்னதாகவே வந்தால்?’ அதை எக்ஸிகியூட்டிவ் தன் கையால் தாளில் சேர்க்கட்டும். நான்காவது வரியில் இருக்கும் 25 லட்சத்தை அடித்துவிட்டு அதன்மேல் புதுத் தொகையை எழுதுவது அன்றைக்கு மேலாளர் செய்ய வேண்டிய வேலை.